இடுகுறியும் காரணமும்: சேர்வராயன் மலையிலிருந்து மொழியியலுக்கு ஓர் அறிமுகம்

மனிதரின் வாயிலிருந்து புறப்படும் ஒலி, இயற்பியலின் நோக்கில் காற்றின் அதிர்வு மட்டுமே. ஆயினும் 'மலை' என்னும் அதிர்வு தமிழ் அறிந்தவரின் உள்ளத்தில் ஓங்கி உயர்ந்த நிலத்தை எழுப்புகிறது. அதிலிருந்து ஓர் ஒலியால் மட்டுமே வேறுபடும் 'மழை' வானிலிருந்து விழும் நீரை எழுப்புகிறது. ஒலிக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள பிணைப்பு எத்தகையது, அப்பிணைப்பைக் குலையாமல் காப்பது எது என்னும் வினாக்களிலிருந்தே மொழியியல் என்னும் அறிவியல் தொடங்குகிறது. சேலம் நகருக்கு வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக நிற்கும் சேர்வராயன் மலையும், அதன்மீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடும் இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். ஏனெனில் அங்குள்ள சாலைப் பலகை, ஊர்ப்பெயர், மக்கட்பெயர், மரத்தின் அறிவியல் பெயர், பூவின் பெயர் ஆகிய ஒவ்வொன்றிலும் குறி என்பது வெவ்வேறு வகையில் தொழிற்படுகிறது.

மூவகைக் குறிகள்

ஒன்றைக் கண்டோ கேட்டோ மற்றொன்றை உணரும்போது, முன்னது பின்னதற்குக் குறியாகிறது. குறிகளை அவை பொருளோடு கொண்டுள்ள உறவின் அடிப்படையில் மூன்றாக வகுத்தவர், அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் (1839–1914). சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவு வருமுன் நிற்கும் பலகையில் வரையப்பட்ட வளைந்த கோடு சாலையின் வடிவையே ஒத்திருப்பதால், எழுத்தறியாதவரும் அதன் பொருளை ஓரளவு ஊகித்துவிடுவர்; இவ்வாறு ஒப்புமையால் பொருள் தரும் குறியை உருக்குறி எனலாம். வளைவின் ஓரத்துத் தடுப்புச் சுவரில் காணப்படும் உரசல், அங்கே ஒரு வண்டி மோதியதன் விளைவு. விளைவைக் கொண்டு காரணத்தை உணர்த்தும் இத்தகைய குறி சுட்டுக்குறியாகும். அதே பலகையில் எழுதப்பட்ட வளைவின் எண்ணோ, 'மெதுவாகச் செல்க' என்னும் தொடரோ எதையும் ஒத்திருக்கவில்லை, எதனாலும் விளைந்ததும் இல்லை; கற்றவர்களுக்கு மட்டுமே அவை பொருள்படும். மரபின் உடன்பாட்டால் மட்டும் பொருள் பெறும் இக்குறியே குறியீடு எனப்படுகிறது.

சுட்டுக்குறியை ஆராய்வதில் இந்தியச் சிந்தனைக்கு நெடிய வரலாறு உண்டு. மலையில் எழும் புகையைக் கண்டு, அடுக்களையைச் சான்றாகக் கொண்டு, அங்கே நெருப்பு இருப்பதாகத் துணிவதே இந்திய அளவை நூல்கள் அனுமானத்துக்குக் காட்டும் நிலையான எடுத்துக்காட்டு. அதனைத் தமிழில் மணிமேகலைக் காப்பியமும் எடுத்துரைக்கிறது. ஆயினும் புகை, தான் எழும் இடத்தில் இப்போது உள்ள நெருப்பை மட்டுமே காட்ட வல்லது. நேற்று அணைந்த நெருப்பையும் நாளை மூட்டக்கூடாத நெருப்பையும் எங்கும் இல்லாத நெருப்பையும் பேசுவதற்குச் சொல் வேண்டும். இடத்தையும் காலத்தையும் கடந்து பேச இயலும் இப்பண்பை, மனித மொழியின் தனித்தன்மைகளுள் ஒன்றாக அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

உருக்குறிக்கும் குறியீட்டுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டைக் காண, சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் துணைசெய்கின்றன. அவற்றுள் ஒன்றான எடுத்தனூர் நடுகல், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. அதில் ஒரு வீரனும் அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்வுருவங்களை மனிதன் என்றும் நாய் என்றும் எவரும் அடையாளம் காண்பர். ஆனால் அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும், அந்நிகழ்வு எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் நடந்தது என்பதும், உடன் பொறிக்கப்பட்ட எழுத்துகளால் மட்டுமே தெரியவருகின்றன. உருவம் எளிதில் விளங்குகிறது, ஆனால் குறைவாகவே சொல்கிறது; எழுத்து கல்லாதவருக்கு ஊமையாக நிற்கிறது, கற்றவருக்கோ பெயரையும் காலத்தையும் செயலையும் நிரலாக உரைக்கிறது.

சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம்

சொல் குறியீடு என்றால், அதற்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை என்பது பெறப்படும். தமிழர் 'மரம்' என்பதை ஆங்கிலேயர் 'ட்ரீ' என்றும் இந்தி பேசுவோர் 'பேட்' என்றும் சொல்கின்றனர். மரத்தின் இயல்பே ஒலியைத் தீர்மானித்திருந்தால் இம்மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த ஃபெர்டினான் த சொசூர் இதனை நவீன மொழியியலின் முதல் கொள்கையாக வைத்தார். 1913-இல் அவர் மறைந்த பின், மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1916-இல் வெளிவந்த அவருடைய விரிவுரைகள், மொழிக்குறியை இரு பக்கங்கள் கொண்டதாக விளக்குகின்றன: செவியில் பதியும் ஒலிவடிவம் குறிப்பான், உள்ளத்தில் தோன்றும் கருத்து குறிப்பீடு. இவ்விரண்டையும் பிணைப்பது இயற்கை அன்று, சமூகத்தின் உடன்பாடு.

இக்கருத்து தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், எல்லாச் சொல்லும் பொருளை உணர்த்துவன என்று கூறி, ஒரு சொல்லைக் கொண்டு அதன் பொருளையும் அறியலாம், சொல்லைச் சொல் என்ற அளவிலும் அறியலாம் என்று பிரித்துக் காட்டுகிறார்; ஒரு சொல்லுக்கு அப்பொருள் அமைந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்று உரியியலில் சொல்கிறார். காரணம் இல்லை என்கிறார் சொசூர். காரணம் வெளிப்படத் தோன்றாது என்கிறார் தொல்காப்பியர். நுட்பமான இவ்வேறுபாடு கருதத்தக்கது, ஏனெனில் தமிழ் மரபு பெயர்களை ஒரே தட்டில் வைக்காமல் காரணம் தெரிவன, தெரியாதன என வகைப்படுத்தும் வழியில் மேலும் சென்றது. நன்னூலில் பவணந்தி முனிவர் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்தார். மரம், பனை என்பன இடுகுறி. பறப்பதால் பறவை, மரத்தைக் கொத்துவதால் மரங்கொத்தி என்பன காரணப்பெயர். காரணம் கருதும்போது பலவற்றுக்குப் பொதுவாகவும், கருதாதபோது ஒன்றற்கு மட்டும் உரியதாகவும் வரும் 'முள்ளி' போன்ற பெயர்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட காரண இடுகுறி எனப்பட்டன. முள்ளுடைய செடிகள் பல இருக்க, முள்ளி என்பது குறிப்பிட்ட ஒரு செடிக்கே பெயராயிற்று.

இடுகுறிக் கொள்கைக்கு எல்லையும் உண்டு. 'சலசல', 'கடகட', 'சொரசொர' போன்ற இரட்டைக்கிளவிகளில் ஒலியே பொருளின் சாயலைத் தாங்கி நிற்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929-இல், கூரிய முனைகள் கொண்ட ஒரு வடிவத்தையும் வளைவான ஒரு வடிவத்தையும் காட்டி, பொருளற்ற இரண்டு சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்கும் சோதனையை வெளியிட்டார். 2001-இல் விளையனூர் ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 'கிகி', 'பூபா' என்னும் சொற்களைக் கொண்டு, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் அச்சோதனையைச் செய்தபோது, மிகப் பெரும்பான்மையோர் கூரிய வடிவத்தைக் 'கிகி' என்றும் வளைந்த வடிவத்தைப் 'பூபா' என்றும் தேர்ந்தனர். ஒலியை எழுப்பும் நாவின், இதழின் அசைவுக்கும் கண் காணும் வடிவுக்கும் மூளையில் ஏதோ ஒரு தொடர்பு இருப்பதை இது காட்டுகிறது. ஆயினும் அத்தொடர்பு சொற்களஞ்சியத்தின் ஓரத்தில் மட்டுமே செல்லுபடியாகிறது. அதன் பெரும்பரப்பை ஆள்வது இடுகுறியே.

காரணம் மறைந்த பின்னும் வாழும் பெயர்கள்

காரணப்பெயராகப் பிறந்த சொல்லும் காலப்போக்கில் இடுகுறியாகிவிடக்கூடும். ஏற்காடு என்னும் பெயர் ஏரியும் காடும் சேர்ந்து அமைந்தது என்று பரவலாக விளக்கப்படுகிறது. ஏரி, கரை என்பன சேர்ந்தால் ஏரிக்கரை என வருவது போல, ஏரியும் காடும் 'ஏரிக்காடு' என்றே முதலில் புணர்ந்திருக்க வேண்டும். அது வழக்கில் தேய்ந்து இன்றைய வடிவை அடைந்ததா, வேறு மூலத்திலிருந்து வந்ததா என்பது சொற்பிறப்பியலின் வினா. ஆனால் அவ்வினாவுக்கு விடை தெரியாமலே சேலத்தில் பேருந்து ஏறும் ஒவ்வொருவரும் அப்பெயரைச் சொல்லிச் சரியான ஊரில் இறங்குகின்றனர். பெயரின் பயனுக்கு அதன் காரணம் நினைவிலிருக்கத் தேவையில்லை. அதைக் கேட்பவர் அனைவரும் ஒரே இடத்தைக் கருதினால் போதும்.

மலையின் பெயரும் அவ்வாறே பயணம் செய்திருக்கிறது. மலையுச்சியில் கோயில் கொண்ட சேர்வராயன், மலைவாழ் மக்களின் தெய்வம். அத்தெய்வத்தின் பெயர் மலைக்கு ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'ஷெவராய்' என மாறியது. பின்னர் தாவரவியலாளர் கேம்பிள், இம்மலைக்கே உரிய ஒரு மரத்துக்கு வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று பெயரிட்டார். இதில் 'என்சிஸ்' என்பது 'இவ்விடத்துக்கு உரியது' என்று பொருள்தரும் இலத்தீன் விகுதி. இப்பெயரை வாசிக்கும் வேற்று நாட்டு ஆய்வாளர் தம்மை அறியாமலே ஒரு மலைத்தெய்வத்தின் பெயரை உச்சரிக்கிறார். தெய்வத்தை அவர் அறியாவிடினும் மரத்தை அடையாளம் காண்பதில் பிழை நேர்வதில்லை.

பொருளற்ற ஒலிகளிலிருந்து பொருளுள்ள சொற்கள்

குறியீடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் ஒலி தேவைப்பட்டிருந்தால் மனித நினைவு அதைத் தாங்கியிராது. இத்தடையை மொழி இரண்டு அடுக்குகளாக அமைந்து கடக்கிறது. கீழடுக்கில், தமக்கெனப் பொருள் இல்லாவிட்டாலும் பொருளை வேறுபடுத்த வல்ல ஒலிகள் உள்ளன; இவை ஒலியன்கள் எனப்படும். காடு, கூடு, கேடு, கோடு ஆகிய சொற்களில் ஓர் உயிரொலி மாறியவுடன் பொருள் முற்றிலும் மாறுகிறது. மேலடுக்கில், அவ்வொலிகள் கூடிப் பொருளுள்ள மிகச்சிறு அலகுகளாகின்றன, இவை உருபன்கள். 'மலைகளிலிருந்து' என்பதில் மலை, கள், இல், இருந்து என்னும் நான்கு உருபன்கள் நிரல்பட நிற்கின்றன. தமிழின் 12 உயிரும் 18 மெய்யுமாகிய 30 முதலெழுத்துகளிலிருந்து பல்லாயிரம் சொற்களும், அவற்றிலிருந்து எண்ணிலடங்காத் தொடர்களும் பிறப்பது இவ்விரட்டை அமைப்பினால்தான்.

எந்த ஒலி வேறுபாடு பொருளை வேறுபடுத்துமோ அதை மட்டுமே ஒரு மொழியினர் கருத்தில் கொள்கின்றனர். பிற வேறுபாடுகள் செவியில் விழுந்தாலும் கவனத்துக்கு வருவதில்லை. ஏற்காட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இதற்குச் சிறந்த சான்று. அது இப்பெயரின் தமிழ் எழுத்துவடிவில் இல்லாத யகர ஒலியோடு தொடங்குகிறது. ஏனெனில் சொல்லின் முதலில் வரும் ஏகாரத்தைப் பேச்சில் 'யே' என ஒலிப்பது தமிழரின் வழக்கம். அவ்வாறு ஒலிப்பதால் பொருள் மாறாததால் தமிழ் எழுத்து அதைப் பொருட்படுத்தவில்லை. அயலவரின் காதோ அதைப் பதிவு செய்தது. அவ்வாறே உயிர்களுக்கிடையில் அதிர்ந்து ஒலிக்கும் டகரத்தை, ஆங்கிலம் அதற்குரிய தனி எழுத்தால் குறித்தது. ஈற்றிலுள்ள உகரத்தையோ முற்றாக விட்டுவிட்டது. அது தன் மாத்திரை குறைந்து ஒலிக்கும் குற்றியலுகரம் என்று தமிழ் இலக்கணிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வரையறுத்திருந்தனர். ஓர் ஊர்ப்பெயரை இரு எழுத்துமுறைகளில் ஒப்பிடும்போது, எழுத்து ஒலியின் நகல் அன்று என்பதும், ஒவ்வொரு மொழியும் தனக்குத் தேவையான வேறுபாடுகளை மட்டுமே தேர்ந்துகொள்கிறது என்பதும் விளங்குகின்றன.

வேறுபாடே பொருளின் அடிப்படை என்பது கருத்துகளுக்கும் பொருந்தும். ஆங்கிலம் உயர்ந்த நிலத்தை 'ஹில்' என்றும் 'மவுண்டன்' என்றும் பிரிப்பதால், சேர்வராயன் அம்மொழியில் முன்னதன் கீழ் வருகிறது. தமிழோ ஆயிரத்து அறுநூறு மீட்டரைத் தொடும் சேர்வராயனையும் எட்டாயிரம் மீட்டரைக் கடக்கும் இமயச் சிகரங்களையும் ஒருசேர 'மலை' என்று வழங்கி, அவற்றினும் மிகத் தாழ்ந்ததைக் 'குன்று' எனப் பிரிக்கிறது. நிலம் தன்னளவில் கோடு கிழித்துக்கொள்வதில்லை. கோடு கிழிப்பது மொழி. ஒரு சொல்லின் மதிப்பு, அதன் அண்டையிலுள்ள சொற்கள் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டன என்பதைப் பொறுத்தது என்று சொசூர் கூறியதன் பொருள் இதுவே.

மலையாளி: ஒரு சொல், இரு சமூகங்கள்

பொருளைக் காப்பது சமூக உடன்பாடு என்னும் கொள்கை, வாழ்க்கையை நேரடியாகப் பாதிக்கும் இடம் ஒன்று சேர்வராயன் மலையில் உண்டு. அம்மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகின்றனர். இவர்கள் பேசுவது தமிழ்; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், சகோதரர்கள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே வழங்கும் மரபுக் கதையை, 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் பதிவு செய்துள்ளது. கேரளத்தில் மலையாள மொழி பேசுவோருக்கும் இதே பெயர். மலையில் வாழ்வதே காரணம் எனில் மலையில் வாழும் எவரும் மலையாளியாக வேண்டும். அவ்வாறின்றி இரு குறிப்பிட்ட சமூகங்களுக்கு மட்டும் அது பெயராகி நிற்பதால், நன்னூல் மரபு வகுத்த காரண இடுகுறியின் இயல்பை இதிலும் காணலாம்.

அன்றாடப் பேச்சில் இவ்விரு பொருளையும் சூழலே பிரித்துவிடுகிறது. சட்டத்துக்கோ அது போதவில்லை. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினரின் நிரலில் மலையாளி என்னும் பெயருடன், தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ளவர்கள் என்று இடமும் சேர்த்துக் குறிக்கப்பட்டது. ஒரு சொல்லின் பொருளை நிலைநிறுத்த நிலப்படத்தைத் துணைக்கழைத்த அந்த வரியின் விளைவுகள் ஆழமானவை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும், மலையாளிகள் மாநிலத்தின் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகமாக விளங்குவதும் அந்த அங்கீகாரத்தின் மறுபக்கம். அதே நேரத்தில் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரில் வாழும் மக்கள், தம் மாவட்டம் நிரலில் இல்லாமையால் அங்கீகாரம் கோரி நெடுங்காலமாகக் காத்திருக்கின்றனர். வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு அப்பெயர்களே ஆட்சி வழக்கிலிருந்து நீங்கிய பின்னும், அவை சட்டத்தின் வரிகளில் தொடர்ந்து செயல்படுகின்றன. பிரிக்கப்பட்டுவிட்ட மாவட்டத்தின் பெயர் உரிமை வழங்குகிறது. நேரில் வாழும் மக்களின் பெயர் அதை வழங்க மறுக்கிறது. குறியீடு காற்றில் கரையும் ஒலி மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சொல்லுக்கு மேல் சொல்

ஒரு குறி பொருளைச் சுட்டியதோடு நின்றுவிடுவதில்லை. அப்பொருளே மற்றொன்றுக்குக் குறியாகலாம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அராபிய மொழியில் தோன்றி துருக்கியர், ஐரோப்பியர் வழியே வந்த 'காப்பி' என்னும் சொல், இன்று அம்மலையில் செடியையும் அதன் கொட்டையையும் அரைத்த பொடியையும் குவளையில் ஆறும் பானத்தையும் குறிக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவதைத் தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. 'ஏற்காடு வாக்களித்தது' என்னும்போது ஊரின் பெயர் மக்களுக்கு ஆகிறது. கேட்பவர் எவரும் ஊர் எழுந்து நடந்ததாகக் கருதுவதில்லை.

இவ்வாற்றலை உச்சத்துக்குக் கொண்டுசென்றது சங்க இலக்கியத்தின் திணை மரபு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, சேர்வராயன் மலையிலும் காணப்படுகிறது. குறிஞ்சி என்னும் ஒலி பூவைக் குறிக்க, அப்பூ தான் வளரும் மலைநிலத்தைக் குறிக்க, அந்நிலம் முருகனையும் நள்ளிரவையும் கூதிர்க்காலத்தையும் தலைவன் தலைவியின் கூடலையும் குறிக்க, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறிகள் அடுக்கப்படுகின்றன. பூவும் நிலமும் இயற்கை. அவை காதலின் கூடலைக் குறிக்கும் என்பது புலவரும் கேட்போரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உடன்பாடு. அந்த உடன்பாட்டை அறியாதவர் சங்கப் பாடலில் இயற்கை வருணனையை மட்டுமே காண்பார்.

எல்லா எடுத்துக்காட்டுகளும் ஒரே முடிவுக்கு இட்டுச்செல்கின்றன. பொருள் ஒலிக்குள் பொதிந்திருப்பதில்லை. பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. அது ஒரு மொழியைப் பேசும் மக்களிடையே உள்ள உடன்பாட்டில் வாழ்கிறது. ஆகவே அந்த மக்களின் வழக்கு மாறும்போது பொருளும் மாறுகிறது. வழக்கு அழியும்போது, செடியும் ஓடையும் பாறையும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றைக் குறித்த பெயர்களும் அப்பெயர்களில் சேமிக்கப்பட்ட அறிவும் மீட்க இயலாதவாறு மறைகின்றன. சேர்வராயனுக்குத் தெற்கே உள்ள கொல்லிமலை மக்களின் பேச்சுத்தமிழை அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியலாளர் கி. கருணாகரன் விரிவாக ஆராய்ந்து, 1971-இல் நூலாக வெளியிட்டார். அத்தகைய உழைப்பு தமிழகத்தின் ஒவ்வொரு மலைக்கும் உரியது. மலையாளிகள் தம் செடிகளுக்கும் ஊற்றுகளுக்கும் தெய்வங்களுக்கும் உறவுமுறைகளுக்கும் வழங்கும் சொற்களை, அவற்றை முழுமையாக அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே, அவர்கள் சொல்லும் ஒலியோடும் சொல்லும் சூழலோடும் பதிவு செய்வது, தமிழ் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஏற்க வேண்டிய கடமையாகும்.